கட்டப்படத்தைக் கடைசி வகுப்புக்குத் தள்ளுங்கள்: பின்னல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பின்னல் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும், அந்த வகுப்புகளுக்குப் பாடத்திட்டம் எழுதும் கைவினை அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

வண்ணப் பின்னல் என்ற பெயரில் நடக்கும் பாடம் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறது. இரண்டு நிற நூல், கட்டம் போட்ட படம் ஒன்று, ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி, அதாவது ஊசியில் விழும் ஒரு நூல் வளையம். மாணவர் எண்ணிக்கொண்டே பின்னுகிறார். ஒரு கண்ணி பிசகினால் வரிசையையே பிரிக்கிறார். பாடம் முடியும்போது வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை பேர் கையிலும் ஒரே தொப்பி. அடுத்த வரிசைக்கு எந்த நிறம் என்று சொந்தமாக முடிவெடுக்க அவர்களில் ஒருவருக்கும் தெரிவதில்லை. அந்த முடிவை எடுக்கும் இடமே பாடத்தில் வரவில்லை, எப்படித் தெரியும்?

இதற்கு மாற்றாக ‘ஃப்ரீஃபார்ம்’ வகுப்புகள் வந்திருக்கின்றன. அங்கே ஒரு கூடை நூலைக் கொட்டிவிட்டு, மனம்போல் பின்னுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் துண்டு ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கம் ஓட்டை விழுந்து, பின்புறம் நுனி நூல்கள் தொங்க நிற்கிறது. தனக்கு இது கைவராது என்று மாணவர் முடிவுகட்டிவிடுகிறார். நுட்பம் சொல்லிக்கொடுக்காமல் சுதந்திரத்தை மட்டும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். நிறத் தேர்வை முதல் வகுப்பிலிருந்தே மாணவரிடம் விடுங்கள். அதைத் தாங்கும் நுட்பங்களை மட்டும் கறாராகக் கற்பியுங்கள். கட்டப்படம் கடைசியில் வரட்டும். இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்காகக் கீழே விவரமாக எழுதுகிறோம்.

முதலில், இந்த வரிசை புதிதல்ல. சான் பிரான்சிஸ்கோவில் 1937-இல் பிறந்த கேஃப் ஃபாசெட் ஓவியராக 1964-இல் இங்கிலாந்துக்குப் போனவர். ஆடை வடிவமைப்பாளர் பில் கிப்புடன் ஸ்காட்லாந்து சென்றபோது இன்வர்னெஸ் ஆலை ஒன்றில் ஷெட்லாந்து கம்பளி நூலின் நிறங்களில் மயங்கி 20 நிறங்களை வாங்கினார். பின்னத் தெரியாது. லண்டன் திரும்பும் ரயிலில் உடன் வந்த ஒரு பெண்மணி அவருக்கு நிட் (முன்பக்கம் வழவழப்பாக விழும் கண்ணி), பர்ல் (முன்பக்கம் மேடு விழும் கண்ணி) இரண்டையும் சொல்லிக்கொடுத்தார். அவருடைய வேலைகளில் பெரும்பகுதி ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போகும் சாதாரண ஸ்டாக்கிங் பின்னல்தான். சிக்கலான கண்ணி வகைகளை அவர் தேடிப் போகவில்லை. 1988-இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. நிறம் முதலில், அடிப்படைக் கண்ணி அடுத்து என்ற வரிசை ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் சில்வியா கோஷும் ஜேம்ஸ் வால்டர்ஸும் ‘ஸ்கிரம்பிள்’ என்ற பெயரில் பரப்பிய முறை வேறு வகை. சிறுசிறு துண்டுகளைப் பின்னி, குரோஷே என்ற கொக்கி ஊசி வேலையும் கலந்து, பிறகு ஒன்றோடொன்று சேர்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் புரூடன்ஸ் மேப்ஸ்டோன் இதையே பெரிதாக வளர்த்தார். ஸ்வீடனில் எம்மா யாகோப்சன் 1939-இல் தொடங்கி 1969 வரை நடத்திய பூஹுஸ் ஸ்டிக்னிங் பட்டறை கட்டப்படத்தை வைத்தே பின்னியது. ஆனால் முன்பக்கத்தில் ஆங்காங்கே பர்ல் கண்ணி போட்டு, ஒரு நிறத்தின் சிறு மேடு அடுத்த நிறத்துக்குள் கசியும்படி செய்தது. அந்த உத்தியை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். கட்டப்படம் இல்லாத பின்னலுக்கு அது பெரிய உதவி.

இனி நூல். தொடக்க வகுப்புக்கு 50 கிராம் உருண்டை இரண்டு நிறம் வாங்கச் சொல்லாதீர்கள். அதே செலவில் சிறு அளவாகப் பல நிறம் வேண்டும். 18 நிறம் இருந்தால் நல்லது. வகுப்புக்குப் பொதுவாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கு ஒரு நிறத்தில் 8, 10 கிராம் போதும். டபுள் நிட் எனப்படும் நடுத்தரத் தடிமன் நூல், 4 மி.மீ. ஊசி, 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 30 வரிசை என்று கணக்கு வைத்துக்கொள்வோம். 40 செ.மீ. சதுரத் தலையணை உறையின் முன்பக்கம் ஒன்றுக்கு, துண்டின் பின்புறம் ஓடும் இழைகளையும் வெட்டிய நுனிகளையும் சேர்த்து, 100 முதல் 120 கிராம் ஆகும்.

அந்த 18 நிறங்களை எப்படிப் பொறுக்குவது என்பதில்தான் பாதிப் பாடம் இருக்கிறது. மாணவர்கள் சிவப்பா நீலமா என்று பார்க்கிறார்கள். எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்று பார்ப்பதில்லை. செங்கல் சிவப்பையும் பாசிப் பச்சையையும் பக்கத்தில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று நம்பிப் பின்னுவார்கள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மங்கலாகக் கலந்துவிடும், ஏனென்றால் இரண்டின் அடர்வும் ஒன்றுதான். இதை வாயால் விளக்கவே வேண்டாம். எல்லா நூலையும் மேசையில் பரப்பி, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து வெளிர் ஆறு, நடுத்தரம் ஆறு, அடர் ஆறு என்று மூன்று குவியலாகப் பிரிக்கட்டும். மஞ்சள் எவ்வளவு வெளிர், ஊதா எவ்வளவு அடர் என்பது அந்த ஒரு படத்தில் புரிந்துவிடும். ஒவ்வொரு குவியலிலும் ஒன்றோடொன்று நெருங்கிய இரண்டு நிறங்களாவது இருக்க வேண்டும்: இரண்டு நீலம், இரண்டு துரு நிறம். அவை இல்லாவிட்டால் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் மெல்ல நழுவும் வேலையைச் செய்யவே முடியாது. மாணவருக்குப் பிடிக்காத நிறம் ஒன்றையும் கட்டாயம் சேருங்கள். நல்ல நிறங்களாக மட்டுமே தேர்ந்த துண்டில் எதுவும் துலங்குவதில்லை. சாம்பல் கலந்த ஒரு பழுப்போ கொஞ்சம் கண்ணை உறுத்தும் ஒரு பச்சையோ வந்த பிறகுதான் மற்றவை உயிர்பெறும்.

வெவ்வேறு இடத்து நூல்களைச் சேர்க்கும்போது தடிமனைப் பார்க்க, அளவுகோலின் மேல் 2.5 செ.மீ. அகலத்துக்கு நெருக்கமாகச் சுற்றி, எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இரண்டு சுற்றுக்குமேல் வித்தியாசம் இருந்தால் மெல்லியதை இரட்டையாகப் பிடித்துப் பின்னுவது நல்லது. அடர் சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் ஒரு முழ நூலை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூல் வேண்டாம். முழுத் துண்டும் முடிந்த பிறகு துவைக்கும்போது இது தெரியவந்தால் யாராலும் சரிசெய்ய முடியாது.

முதல் வகுப்பில் பட்டை மட்டும் பின்னட்டும். 44 கண்ணி ஏற்றினால் 20 செ.மீ. அகலம் வரும். விதி இரண்டே: எந்தப் பட்டையும் நான்கு வரிசைக்குமேல் போகக்கூடாது, ஒரு நிறம் முடிந்ததும் அடுத்தது வேறொரு குவியலிலிருந்து வர வேண்டும். நிறத்தை ஆசிரியர் சொல்லக்கூடாது. புது நிறத்தின் முதல் வரிசை முன்பக்கத்தில் நிட் ஆக இருந்தால் எல்லைக்கோடு சுத்தமாக விழும். அங்கே பர்ல் போட்டால் பழைய நிறத்தின் புள்ளிகள் கோட்டின் மேல் எட்டிப் பார்க்கும். இரண்டையும் செய்துபார்க்கச் சொல்லுங்கள். முன்னது சரி, பின்னது தவறு என்று சொல்லாதீர்கள். கோட்டை உடைக்க வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளிகளைப் போல உதவுவது வேறில்லை.

ஒற்றை வரிசை பின்னியதுமே நிறம் மாற்ற ஆசைப்படும்போது பழைய நூல் எதிர் ஓரத்தில் நின்றுவிடும். அதனால் வட்ட ஊசியை, அதாவது வளையும் கம்பியால் இணைந்த இரு முனை ஊசியை, கொடுங்கள். தட்டையான துண்டையே வட்ட ஊசியில் பின்னினால், நூல் எந்த ஓரத்தில் தொங்குகிறதோ அந்த முனைக்குக் கண்ணிகளைத் தள்ளி அங்கிருந்தே தொடங்கலாம். நேர் ஊசியில் இதற்கு வழியில்லை. நூலை வெட்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது நுனி நூல். முதல் நாளிலேயே இதைக் கற்பிக்காத வகுப்பு மாணவருக்கு அநியாயம் செய்கிறது என்றே சொல்வோம். ஒரு தலையணை உறையில் நூறு முறை நிறம் மாறினால் 200 நுனிகள். பின்னி முடித்த பிறகு ஒவ்வொன்றையும் தைத்து ஒளிக்க இரண்டு நிமிடம் என்றால் 400 நிமிடம், ஏறத்தாழ ஆறரை மணி நேரம். பலர் வண்ணப் பின்னலைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். நூலை மாற்றும்போது பழையதிலும் புதியதிலும் 12 முதல் 15 செ.மீ. வால் விடுங்கள். புது நிறத்தில் முதல் கண்ணி போட்டதும் இரண்டு வால்களையும் சேர்த்து இடக்கையில் துண்டின் பின்புறம் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணிக்கு வால்கள் பின்னும் நூலுக்கு மேலாகவும், அடுத்த கண்ணிக்குக் கீழாகவும் போகும்படி மாற்றி மாற்றி எட்டுக் கண்ணி பின்னுங்கள். வால் பின்புறத்தில் தானே நெய்யப்பட்டுவிடும். மீதியைத் தொங்கவிட்டு, துவைத்து உலர்ந்த பிறகுதான் 1 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். துவைக்குமுன் ஒட்ட வெட்டினால், நனைந்து தளரும்போது நுனி முன்பக்கம் வந்துவிடும். அடர் நிற வாலை வெளிர் கண்ணிகளுக்குப் பின் நெய்தால் முன்னால் நிழலாடும். அங்கே மட்டும் வாலைத் தனியே விட்டு, பிறகு ஊசியால் அதன் நிறத்துக்குள்ளேயே செருக வேண்டும். முடிச்சு போடும் பழக்கத்தை முதலிலேயே தடுத்துவிடுங்கள். முடிச்சு சில துவையலுக்குப் பின் முன்பக்கம் துருத்தும், அல்லது அவிழும்.

சாதாரணக் கம்பளி நூலாக இருந்தால் இரு நுனிகளையும் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஈரப்படுத்தி, உள்ளங்கைகளுக்கிடையில் சூடேறத் தேய்த்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்திய கம்பளி, அக்ரிலிக், பருத்தி எதிலும் இது நடக்காது. கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மாணவர் தன் கையில்தான் கோளாறு என்று நினைப்பார்.

பட்டை கைக்கு வந்தபின் ஒரே வரிசையில் இரண்டு நிறம். ஷெட்லாந்தின் ஃபேர் ஐல் மரபில் ஒரு வரிசையில் இரண்டு நிறத்துக்குமேல் எடுப்பதில்லை. எத்தனை நிறம் தெரிந்தாலும் அது வரிசைக்கு வரிசை மாற்றுவதால் வருவதுதான். இந்தக் கட்டுப்பாடு தொடக்கத்தில் இருக்கட்டும். வரைபடம் மட்டும் வேண்டாம். மூன்று கண்ணி பின்னணி, ஒரு கண்ணி முன்னணி. அடுத்த வரிசையில் ஒன்று தள்ளி. அதற்கடுத்து இரண்டுக்கு இரண்டு. இவ்வளவு எளிமையான உருவம் போதும். நிறத்தில் மட்டும் ஒரு கண்டிப்பான விதி வையுங்கள்: பின்னணி நிறத்தை இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றுங்கள், முன்னணியை மூன்று வரிசைக்கு ஒருமுறை. இரண்டும் ஆறு வரிசைக்கு ஒருமுறைதான் ஒன்றாக மாறும். மற்ற இடங்களில் ஒன்று மாற ஒன்று நிற்பதால் பட்டை பட்டையாகத் தெரியாமல், ஒளி துண்டின்மேல் ஊர்வதுபோல் நிறம் நகரும். பின்னணி முழுவதும் வெளிர்க் குவியல், முன்னணி முழுவதும் அடர்க் குவியல் என்று தொடங்கச் சொல்லுங்கள். பாதி வழியில் இரண்டும் நடுத்தரத்துக்கு வந்து உருவம் கரைந்து, பிறகு இடம் மாறி வெளியே வரட்டும். எந்த மாணவரும் இதைச் செய்து பார்த்தபின் அடர்வு என்றால் என்ன என்று இரண்டாம் முறை கேட்பதில்லை.

இங்கே என்ன கெடும்? முதலில் துண்டு சுருங்கும். பின்புறம் ஓடும் இழை இறுக்கமாக இருந்தால் கண்ணிகளை அது ஒன்றோடொன்று இழுத்துவிடுகிறது. நிறம் மாற்றுமுன் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரலால் பரப்பி, துணியின் இயல்பான அகலத்துக்குக் கொண்டுவந்து, பிறகு நூலை எடுக்க வேண்டும். ஊசியையும் 0.5 மி.மீ. பெரிதாக்குங்கள். ஐந்து கண்ணி அல்லது 2.5 செ.மீ. தாண்டி இழை ஓடினால் நடுவில் ஒருமுறை பின்னும் நூலால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் விரலும் மோதிரமும் மாட்டும். பிடிக்கும் இடம் அடுத்தடுத்த வரிசைகளில் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது. வந்தால் முன்பக்கத்தில் ஒரு வடு விழும். இன்னொன்று பலர் கவனிக்காதது: இரண்டு நூலில் எது கீழிருந்து வருகிறதோ அதன் கண்ணி சற்றே பெரிதாக விழும், ஏனென்றால் அது கொஞ்சம் கூடுதல் தூரம் வருகிறது. அதனால் முன்னணி நிறம் எப்போதும் கீழிருந்தே வரட்டும். கைமாற்றிப் பிடித்தால் ஒரே நிறம் ஓரிடத்தில் துலங்கியும் ஓரிடத்தில் மங்கியும் தெரியும். மாணவர் நூல் சாயத்தைக் குறை சொல்வார்.

மூன்றாவதாக இன்டார்சியா. நிறம் தீவு தீவாக நிற்கும் முறை. பின்னால் இழை ஓடாது. இதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் நூல் சுற்றிகளை வாங்கச் சொல்லாதீர்கள். எட்டு நிறம் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு பாதி நேரத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு நிறத்தையும் 60 முதல் 90 செ.மீ. நீளத்துக்கு வெட்டித் தொங்கவிடுங்கள். சிக்கினால் வேண்டிய இழையைப் பிடித்து இழுத்தால் போதும், வந்துவிடும். 90 செ.மீ. நூல் தீர்ந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம்: டபுள் நிட் நூலில் ஒரு கண்ணிக்கு ஏறத்தாழ 1.5 செ.மீ. ஆகிறது, ஆகவே 90 செ.மீ.க்கு ஏறக்குறைய 60 கண்ணி வரும். தீர்ந்ததும் அதே நிறத்தைத் தேடாமல் அதன் பக்கத்து நிறத்தை எடுக்க வேண்டும். இந்த முறையின் அழகே அங்கிருந்துதான் வருகிறது. பெரிய உருண்டையிலிருந்து பின்னுபவர் நிறத்தை மாற்ற மறந்துவிடுகிறார். சிறு துண்டு நூல் அவரை மாற்றவைக்கிறது.

தன் கையின் கணக்கை ஒவ்வொருவரும் அளந்துகொள்ளட்டும். 20 கண்ணி பின்னி, நூலில் குறியிட்டு, பிரித்து அளந்தால் ஒரு கண்ணிக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இறுக்கமான கைக்கும் தளர்ந்த கைக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும்.

இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில், துண்டின் பின்பக்கத்தில், முடிந்த நூலை இடதுபுறம் போட்டு, புது நூலை அதன் அடியிலிருந்து எடுத்துப் பின்ன வேண்டும். அப்போதுதான் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். இதை மறந்தால் அந்த எல்லை முழுவதும் கிழிசலாக நிற்கும். எல்லை நேர்குத்தாக இருந்தால் நிட் வரிசை, பர்ல் வரிசை இரண்டிலும் இது கட்டாயம். சாய்வான எல்லையில் ஒரு பக்க வரிசைகளில் நூல்கள் தாமாகவே குறுக்கிட்டுக்கொள்ளும்; அங்கே மறுபடி முறுக்கினால் தடித்துவிடும். எல்லையை அடுத்த முதல் கண்ணி தளர்ந்து விழுவது எல்லோருக்கும் நடக்கும். உடனே நூலை இறுக்காமல், அடுத்த கண்ணியையும் போட்டுவிட்டு மெல்ல இழுக்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் ஒரே துண்டில் கலக்கும்போது வரும் சிக்கல் தனி. மேடு பள்ளம் விழும் துண்டைப் பார்த்து ‘ஃப்ரீஃபார்ம் அப்படித்தான்’ என்று சொல்லிவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் காரணம் உண்டு, காரணம் தெரிந்தால் நிவர்த்தியும் உண்டு. எல்லா வரிசையும் நிட் ஆகப் போகும் கார்ட்டர் பின்னல், அதே ஊசியில், ஸ்டாக்கிங் பின்னலைவிடக் குட்டையாக அமரும். ஸ்டாக்கிங்கில் 30 வரிசைக்கு 10 செ.மீ. உயரம் வந்தால் கார்ட்டரில் அதே 30 வரிசை 7 செ.மீ. சுற்றித்தான் வரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கார்ட்டர் பகுதி இழுக்கும், ஸ்டாக்கிங் பகுதி உப்பும். ஏறத்தாழ நான்கைந்து வரிசைக்கு ஒருமுறை கார்ட்டர் பகுதியில் மட்டும் போய்த் திரும்பி இரண்டு குறுவரிசை கூடுதலாகப் போட்டால் சமமாகிவிடும். இரு நிற இழையோட்டப் பகுதியும் தனி நிறப் பகுதியும் பக்கத்தில் வந்தால் முன்னது அகலத்தில் சுருங்கும். அங்கே பத்துக் கண்ணிக்கு ஒன்று கூட்டுவது உண்டு, கையைப் பொறுத்தது.

துண்டு துண்டாகப் பின்னிச் சேர்க்கும் முறைக்கு எளிய தொடக்கம் மடக்குச் சதுரம். 31 கண்ணி ஏற்றி, கார்ட்டரில், ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் நடு மூன்று கண்ணிகளையும் ஒன்றாக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் இரண்டு குறையும். 15 முறையில் ஒரு கண்ணியில் வந்து நிற்கும். அதன் ஓரத்திலிருந்தே அடுத்த சதுரத்துக்குக் கண்ணி எடுக்கலாம். கார்ட்டர் ஓரத்தில் ஒரு மேட்டுக்கு ஒரு கண்ணி. ஸ்டாக்கிங் ஓரத்தில் நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி. நான்குக்கு நான்கு எடுத்தால் ஓரம் கொசுவம்போல் அலையும். ஒழுங்கற்ற வடிவங்களுக்கும் இதே நோட்டம்தான்: ஓரம் அலைந்தால் கண்ணி அதிகம், கிண்ணமாகக் குவிந்தால் கண்ணி குறைவு. வட்டமாக வளரும் துண்டில், ஆரம் இரட்டிக்கும்போது கண்ணியும் இரட்டித்தால் தட்டையாக இருக்கும். பின்னல் ஆசிரியர் எலிசபெத் ஸிம்மர்மன் தம் வட்டச் சால்வைக்கு எடுத்துக்கொண்ட கணக்கு இதுவே. சிறு துண்டுக்கும் அப்படியே பொருந்தும்.

துண்டுகளைச் சேர்க்குமுன் முழு அளவுக் காகித வார்ப்பு ஒன்று தரையிலோ சுவரிலோ இருக்க வேண்டும். முடிந்த துண்டுகளை அதன்மேல் குண்டூசியால் பொருத்தி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்துவிட்டு அடுத்ததைப் பின்னட்டும். வார்ப்பு இல்லாமல் சேர்த்துக்கொண்டே போனால் சட்டை தொடங்கிப் போர்வையில் முடியும், அல்லது கழுத்து தோளுக்கு வந்துவிடும்.

பருத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்னவை எல்லாம் குளிர் நாட்டுக் கம்பளியில் வளர்ந்தவை. நீலகிரி, கொடைக்கானல் தவிர நம் ஊர்களில் கம்பளி உடுத்தும் தேவை குறைவு. பருத்தியில்தான் பெரும்பாலோர் பின்னுவார்கள். பருத்திக்கு நெகிழ்ச்சி கிடையாது. இழையோட்டம் விறைத்துப்போகும், இன்டார்சியா எல்லையில் ஓட்டை அப்பட்டமாகத் தெரியும், வால் நழுவும். எட்டுக்குப் பதில் பன்னிரண்டு கண்ணிக்கு நெய்ய வேண்டும். ஆனால் பருத்தியில் மட்டும் எளிதாகக் கிடைக்கும் ஒரு வழி இருக்கிறது. கைத்தறிக்குச் சாயமிட்ட, 2/20 எனப்படும் மெல்லிய இரட்டைப்புரி நூல் சிட்டமாகக் கிடைக்கும். அது கிராமுக்கு ஏறத்தாழ 17 மீட்டர். டபுள் நிட் தடிமனுள்ள பருத்தி நூல் கிராமுக்கு 2.1 முதல் 2.4 மீட்டர். ஆக, 2/20-இல் ஏழு அல்லது எட்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்தால் அதே தடிமன் வந்துவிடும். எட்டில் ஓர் இழையை இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றினால் 16 வரிசையில், 5 செ.மீ. சொச்சத்தில், ஒரு நிறம் முழுவதும் இன்னொன்றாக மாறிவிடும். இடையில் வரும் கலவை நிறங்களைக் கடையில் வாங்கவே முடியாது. மாற்றும் இழையை முடிச்சில்லாமல் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஓடவிட்டால் மற்ற ஏழும் அதைப் பிடித்துக்கொள்ளும். எட்டு இழைகளையும் நேரடியாகச் சிட்டத்திலிருந்தோ கூம்பிலிருந்தோ பின்னக்கூடாது. ஒன்று தளர்ந்து ஒன்று இறுகி, கண்ணியில் வளையம் தொங்கும். நான்கைந்து மீட்டராகச் சேர்த்துச் சிறு உருண்டையாகச் சுற்றிக்கொண்டு பின்னட்டும். ஊசி முனை கூராக இருந்தால் இழைகளுக்கு நடுவே குத்திப் பிளக்கும். மழுங்கிய முனைதான் இதற்கு ஏற்றது.

வகுப்பில் நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும் கேட்டுக்கொள்ள உரிமை உண்டு என்று நினைக்கிறோம். நீங்கள் பின்னி முடித்த அழகான துண்டைத் தொடக்கத்திலேயே காட்டாதீர்கள். எல்லோரும் அதையே பின்னுவார்கள். நிறம் பிடிக்கவில்லை என்று மாணவர் பிரிக்கப் போனால் தடுத்துவிடுங்கள். இன்னும் ஆறு வரிசை பின்னிவிட்டு, சுவரில் மாட்டி, தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிறம் சரியா இல்லையா என்பது அதன் மேலும் கீழும் வரும் நிறங்களைப் பொறுத்தது. ஊசியில் இருக்கும்போது அது யாருக்கும் தெரியாது. பிரிக்க வேண்டியவை வேறு: விட்டுப்போன கண்ணி, கொக்கி போடாத எல்லை, சுருங்கிய இழை. அவற்றில் சலுகை காட்டாதீர்கள்.

மதிப்பெண் கொடுப்பவர்கள் துண்டைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். கையில் தொங்கவிட்டு அது மடிகிறதா, அட்டைபோல் நிற்கிறதா என்று பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் குளியல் துண்டில் சுருட்டி அழுத்தி, அளவுக்கு விரித்துக் குண்டூசி குத்திக் காயவைத்த பிறகே மதிப்பிடுங்கள். நனைந்து உலராத வண்ணப் பின்னலில் கண்ணிகள் தம் இடத்தில் அமர்ந்திருக்காது. நிறங்களின் ‘பொருத்தம்’ என்று ஒரு வரியைத் தாளில் வைத்து அதற்கு மதிப்பெண் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த ஒரு வரிக்குப் பயந்து மாணவர்கள் பழுப்பும் வெள்ளையுமாகப் பின்னுகிறார்கள்.

கட்டப்படத்தை நாங்கள் வெறுக்கவில்லை. கடைசி வகுப்பில் அது வரட்டும். மாணவர் தன் துண்டிலேயே தனக்குப் பிடித்த 24 கண்ணி, 24 வரிசைப் பகுதியைத் தேர்ந்து, எண்ணி, வண்ணப் பென்சிலால் தானே வரையட்டும். சாதாரணச் சதுரக் கட்டத் தாளில் வரைந்தால் உருவம் நெட்டையாகத் தெரியும், ஏனென்றால் கண்ணி அகலத்தைவிட உயரம் குறைந்தது; 22-க்கு 30 என்ற விகிதத்தில் கோடு போட்ட தாளைக் கொடுங்கள். அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, உருவம் அப்படியே, நிறம் அவர் விருப்பம் என்று பின்னச் சொல்லுங்கள். இரண்டு துண்டையும் அருகருகே மாட்டிவைத்துப் பேசுவதற்கு அந்த வகுப்பில் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வண்ணப் பின்னல் பின்னியும் கற்பித்தும் வரும் சிலர்